சிகிச்சையா, சட்டமா? புகைப்பழக்க ஆய்வுக்கு வர நினைக்கும் மருத்துவருக்கு

கேள்வி: நான் பல் மருத்துவர், வயது 31. பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறேன். ஈறு நோயும் வாயில் வெள்ளைத் திட்டுமாக வருகிறவர்களிடம் சிகரெட்டை விடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய் மறுபடி பிடிக்கிறார்கள். இதையே ஆய்வாக எடுத்துச் செய்ய நினைக்கிறேன். ஒரு பேராசிரியர், “ஆளுக்கு ஆள் ஆலோசனை சொல்லி நாடு திருந்தாது, வரி, சட்டம் பக்கம் போ” என்கிறார். இன்னொருவர், “கொள்கை என்றால் அரசியல், நீ மருத்துவ ஆய்விலேயே இரு” என்கிறார். எந்தப் பக்கம் போவது? முதலில் எதைக் கற்றுக்கொள்வது? புகையிலை நிறுவனப் பணத்தில் இயங்கும் ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள மருத்துவருக்கு, வணக்கம்.

இரண்டு பேராசிரியர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நாட்டில் புகைப்பவர்கள் குறைய வேண்டுமானால், விட முயல்கிறவர்கள் கூட வேண்டும், முயன்றவர்களில் தேறுகிறவர்களும் கூட வேண்டும். வரி, பொது இடத் தடை, பாக்கெட்டின் மேல் எச்சரிக்கைப் படம், விளம்பரத் தடை எல்லாம் முக்கியமாக முயற்சிகளைக் கூட்டுகின்றன. மருந்தும் ஆலோசனையும் தேறுவதைக் கூட்டுகின்றன. உங்கள் ஆய்வு இந்த இரண்டில் எதை அளக்கிறது என்பது உங்களுக்கே தெளிவாக இல்லாவிட்டால், எந்தப் பக்கம் போனாலும் குழப்பம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. 1,000 புகைப்பவர்கள். ஆண்டுக்கு 300 பேர் விட முயல்கிறார்கள். உதவி இல்லாமல் சொந்த முயற்சியில் விடுகிறவர்களில் ஆறு மாதம், ஓராண்டு தாக்குப்பிடிக்கிறவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. 4 என்று வைத்தால் 12 பேர் தேறுவார்கள். இப்போது தேர்ச்சியை இரட்டிப்பாக்கும் நல்ல சிகிச்சை ஒன்று வருகிறது. ஆனால் முயல்கிறவர்களில் பத்தில் ஒருவர்தான் அதைத் தேடி வருகிறார். அப்போது 30 பேரில் 8 சதவீதமும் மீதி 270 பேரில் 4 சதவீதமும் சேர்ந்து 13 பேரைச் சற்றே தாண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கூடுதலாக ஒரே ஒருவர். மாறாக வரி கூடி, முயல்கிறவர்கள் 400 ஆனால், சிகிச்சை எதுவும் இல்லாமலே 16. அந்த 400 பேரில் பாதிப் பேருக்குச் சிகிச்சை கிடைத்தால் 24.

முதல் பேராசிரியர் 13ஐயும் 16ஐயும் பார்த்துப் பேசுகிறார். அவர் பார்க்கத் தவறுவது 24. சிகிச்சை போய்ச் சேராததுதான் சிக்கல். அதைப் போய்ச் சேரவைப்பது மருந்தின் வேலையும் இல்லை, ஆலோசகரின் வேலையும் இல்லை, அது கொள்கையின் வேலை. மருந்துச் செலவை யார் ஏற்பது, எந்த மருத்துவர் கேட்க வேண்டும், தொலைபேசி உதவி எண் பாக்கெட்டில் அச்சாக வேண்டுமா என்பவை எல்லாம் சட்டத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் முடிவாகிற விஷயங்கள். இந்தத் துறைக்குத் தட்டுப்பாடு இருப்பது சிகிச்சையின் உள்விவரம் தெரிந்த கொள்கை ஆய்வாளர்களுக்குத்தான். நீங்கள் நோயாளிகளோடு உட்கார்ந்தவர். அந்த இடத்துக்குப் பொருத்தமானவர் என்றே நினைக்கிறேன்.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். புகைப்பழக்க ஆய்வாளர் மைக்கேல் ரஸ்ஸலும் சகாக்களும் லண்டனில் 28 குடும்ப மருத்துவர்களிடம் வந்த 2,138 புகைப்பவர்களை வைத்துச் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படியுங்கள். ஓராண்டு கழித்து, எதுவும் சொல்லப்படாத குழுவில் விட்டிருந்தவர்கள் 0.3 சதவீதம். மருத்துவர் ஒன்றிரண்டு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டறிக்கையும் தந்து, பின்னால் விசாரிப்போம் என்றும் சொன்ன குழுவில் 5.1 சதவீதம். எதிரில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு இது தோல்வியாகத்தான் தெரியும், 20 பேரில் 19 பேர் விடவில்லையே. ஆனால் எல்லா மருத்துவர்களும் எல்லா நோயாளிகளிடமும் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்தால் நாடு முழுவதும் சேரும் எண்ணிக்கை மிகப் பெரியது. நாற்காலியில் இருந்து பார்க்கும் பார்வையும் மக்கள்தொகையை வைத்துப் பார்க்கும் பார்வையும் ஒன்றல்ல. இந்தப் பாய்ச்சலைப் பழகிக்கொள்வதே உங்களுக்கு முதல் பாடம்.

அடுத்து, எதைக் கற்பது? தயங்காமல் சொல்வேன், ‘விட்டார்’ என்பதை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் ஏமாந்தால் பிறகு எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு பரிந்துரையும் ஆட்டம் காணும்.

ஒரு மருத்துவமனை 200 பேரைச் சேர்த்துத் திட்டம் நடத்துகிறது. ஆறு மாதம் கழித்து 120 பேர் தொடர்பில் கிடைக்கிறார்கள். 30 பேர் விட்டுவிட்டேன் என்கிறார்கள். 25 சதவீத வெற்றி என்று அறிக்கை போகும். ஆனால் தொடர்பில் கிடைக்காத 80 பேரில் பெரும்பாலோர் மறுபடி பிடிக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். விட்டவர் தொலைபேசியை எடுப்பார், விடாதவர் எடுக்கமாட்டார். எனவே 200ஆல் வகுக்க வேண்டும், அப்போது 15 சதவீதம். அந்த 30 பேரை மூச்சுப் பரிசோதனைக்கு அழைத்தால் 22 பேர்தான் தேறுகிறார்கள் என்று வையுங்கள். 11 சதவீதம். ஒரே திட்டம்தான், 25ஆகவும் 11ஆகவும் காட்டலாம். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் அந்த 11க்கும் பொருள் சொல்ல முடியாது.

இதற்கு ‘ரஸ்ஸல் அளவுகோல்’ என்று ஒன்று 2005இல் வகுக்கப்பட்டது. விடும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் சலுகைக் காலம். அதன்பின் மொத்தமாக ஐந்து சிகரெட்டுக்கு மேல் போகக் கூடாது. வாய்ச்சொல் போதாது, உடல்வழிச் சோதனை வேண்டும். தொடர்பில் கிடைக்காதவரைப் புகைப்பவராகவே எண்ண வேண்டும். இறந்தவரையும் முகவரி மாறிக் கண்டுபிடிக்கவே முடியாமல் போனவரையும் மட்டும் கணக்கிலிருந்து நீக்கலாம். ‘கடைசி ஏழு நாளாகப் பிடிக்கவில்லை’ என்பதை மட்டும் கேட்டு முடித்துவிடுகிற ஆய்வுகள் நிறைய. நேற்று விட்டு நாளை பிடிக்கப்போகிறவரும் அதற்குள் வந்துவிடுவார். இரண்டையும் அளந்து இரண்டையும் அச்சிடுங்கள்.

உடல்வழிச் சோதனையில் மலிவானது மூச்சில் கார்பன் மோனாக்சைடு. 15 விநாடி மூச்சை அடக்கி, பிறகு மெதுவாக, நுரையீரல் காலியாகும்வரை குழாயில் ஊதவேண்டும். பலர் பலூன் ஊதுவதுபோல ஒரே வீச்சில் ஊதிவிடுவார்கள், அளவு குறைத்துக் காட்டும். 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே இருந்தால் விட்டவர் என்றுதான் நீண்டகாலமாகக் கொண்டார்கள். இப்போது பலர் 5, 6 என்று இறங்கிவிட்டார்கள். எந்த எல்லையை எடுப்பது என்று தரவு வந்தபிறகு முடிவுசெய்யாதீர்கள், திட்ட வரைவிலேயே எழுதிவிடுங்கள். இந்த வாயு விழித்திருக்கும்போது நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். முந்தின இரவு பிடித்துவிட்டு மறுநாள் மாலை வருகிறவர் ‘தேறிவிடுவார்’. ஆகவே கடைசிச் சிகரெட் எப்போது என்பதையும் சோதனை நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். பால் செரிக்காதவர்களுக்கு மூச்சில் ஹைட்ரஜன் கூடும், சில கருவிகள் அதையும் கார்பன் மோனாக்சைடாகப் படித்துவிடும். ஒருவர் சத்தியம் செய்கிறார், கருவி மறுக்கிறது என்றால் அவரைப் பொய்யர் ஆக்குமுன் இதைக் கேளுங்கள்.

உமிழ்நீரிலோ சிறுநீரிலோ, நிகோட்டின் உடம்பில் சிதைந்து உண்டாகும் கோட்டினினைப் பார்த்தால் சில நாள் பின்னோக்கித் தெரியும், அது பாதியாக 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ நிகோட்டின் சூயிங்கமோ பயன்படுத்துகிறவருக்கும் கோட்டினின் வரும். சிகிச்சையை ஒழுங்காக எடுத்தவரே தோற்றவராகிவிடுவார். பட்டை தரும் ஆய்வில் கார்பன் மோனாக்சைடையோ, புகையிலையில் மட்டும் இருந்து வரும் அனபசினையோ நாடுங்கள்.

ஆட்கள் எத்தனை வேண்டும் என்பதில்தான் முதல் ஆய்வு பெரும்பாலும் கவிழும். கட்டுப்பாட்டுக் குழுவில் 5 சதவீதம், சிகிச்சைக் குழுவில் 10 சதவீதம் என்ற இரட்டிப்பையே கண்டுபிடிக்கவும் ஒரு பக்கத்துக்கு 435 பேர் வேண்டும். இது வழக்கமான கணக்கு: வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு (ஆற்றல்) 80 சதவீதம், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழை வாய்ப்பு 5 சதவீதம். 5க்கும் 8க்கும் உள்ள வேறுபாட்டைக் காண 1,059 பேர். முதுநிலை மாணவர்கள் பக்கத்துக்கு 40 பேரைச் சேர்த்து ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதுகிறார்கள். அந்த ஆய்வால் இந்த அளவு வேறுபாட்டைக் கண்டிருக்கவே முடியாது. கையில் 80 பேர்தான் என்றால் சிகிச்சை பலிக்கிறதா என்று கேட்காதீர்கள். அழைத்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை அமர்வுக்கு வந்தார்கள், மருந்தை எத்தனை நாள் எடுத்தார்கள், ஆறு மாதத்தில் எத்தனை பேரைப் பிடிக்க முடிந்தது என்று கேளுங்கள். இந்த முன்னோட்ட ஆய்வு இல்லாமல் பெரிய ஆய்வுக்கு யாரும் நிதி தரமாட்டார்கள்.

இன்னொரு ஓட்டை கட்டுப்பாட்டுக் குழுவின் ‘வழக்கமான கவனிப்பு’. ஓர் ஊரில் அது ஒன்றுமே இல்லை, இன்னோர் ஊரில் மூன்று அமர்வும் இலவசப் பட்டையும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் முடிவுகளை ஒப்பிட முடியாது. இரண்டு குழுவுக்கும் உண்மையில் என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார், எத்தனை நிமிடம் என்று பதிவு செய்யுங்கள். அனுமதியோடு சில அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, கையேட்டில் இருப்பது அறையில் நடக்கிறதா என்று பாருங்கள். பல ஆய்வுகளில் சிகிச்சையில் குறை இருக்காது, சிகிச்சையே நடந்திருக்காது.

சிகிச்சையின் உள்விவரம் என்று சொன்னேனே, அதற்கு வருவோம். ஆய்வாளர் ஆனாலும் ஓர் ஆண்டாவது புகைப்பழக்கத்தை விடவைக்கும் மீட்பு மையத்தில் உட்காருங்கள். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், ஒரு நாளைக்கு எத்தனை என்ற இரண்டே கேள்வியில் அடிமைத்தனத்தை எடை போடலாம். 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 30க்குள் 2, ஒரு மணிக்குள் 1, அதற்கு மேல் 0. பத்து வரை 0, இருபது வரை 1, முப்பது வரை 2, அதற்கு மேல் 3. கூட்டினால் 0 முதல் 6. எந்த ஆய்விலும் தொடக்கத்திலேயே இதைக் குறித்துவிடுங்கள். குழுக்கள் சமமாகப் பிரிந்தனவா என்று காட்ட இதுதான் சிறந்த சாட்சி.

மருந்து ஏன் பலிக்காமல் போகிறது என்பதும் அங்கேதான் புரியும். நிகோட்டின் சூயிங்கம் கொடுத்தால் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளுவார்கள். நிகோட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும் வரும், ‘ஒத்துக்கவில்லை’ என்று விட்டுவிடுவார்கள். சுருக்கென்று உறைக்கும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைத்து, உறைப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். காபியோ குளிர்பானமோ குடித்தபின் கால் மணி நேரம் விட வேண்டும், வாயில் அமிலம் இருந்தால் நிகோட்டின் உறிஞ்சப்படாது. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முதல் ஆறு வாரம் நாளுக்குக் குறைந்தது ஒன்பது துண்டு வேண்டும். பெரும்பாலோர் நாலைந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பல் மருத்துவரான உங்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஈறு, கன்னத்தின் உட்புறம், பல்செட் எல்லாம் உங்கள் இடம். பல்செட் வைத்தவருக்குச் சூயிங்கம் மெல்வது கடினம் என்பதை மற்றவர்கள் கேட்கவே மறந்துவிடுவார்கள்.

பட்டை என்றால் நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிக்கிறவருக்கு 21 மில்லிகிராம் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். பட்டையோடு சூயிங்கம் போன்ற வேகமாக வேலை செய்யும் ஒன்றைச் சேர்த்தால் தனியாக எடுப்பதைவிட நன்றாகப் பலிக்கிறது. வரெனிக்லைன் என்ற மாத்திரை முதல் மூன்று நாள் 0.5 மில்லிகிராம் ஒருவேளை, நான்கு முதல் ஏழாம் நாள் வரை அதுவே இருவேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இருவேளை, மொத்தம் 12 வாரம். மனநலத்தைப் பாதிக்கும் என்ற பயம் அதன்மேல் நெடுநாள் இருந்தது. 8,144 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ‘ஈகிள்ஸ்’ சோதனையில், பட்டையோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட, அத்தகைய விளைவுகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆலோசனை அறையில் அடிக்கடி சறுக்கும் இடம். புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டிருக்கும். அந்த நொதிதான் காஃபீனைச் சிதைக்கிறது. சிகரெட்டை நிறுத்தியதும் நொதி அடங்கும், அதே அளவு காபிக்கு உடம்பில் காஃபீன் கூடும். படபடப்பு, தூக்கமின்மை. அதை நிகோட்டின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். காபியைப் பாதியாக்கச் சொன்னால் போதும். மனநோய்க்குக் குளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவருக்கு இதே காரணத்தால் மருந்தளவே கூடிப்போகும் ஆபத்து உண்டு. அவர்களுடைய மருத்துவரிடம் விடும் தேதிக்கு முன்பே சொல்ல வேண்டும். உங்கள் ஆய்வு நெறிமுறை விண்ணப்பத்தில் இது இல்லை என்றால் நல்ல குழு திருப்பி அனுப்பும்.

இனிக் கொள்கை. இங்கே அடிப்படை ஆவணம் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. 2003இல் ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. 6ஆம் பிரிவு விலையும் வரியும், 8ஆம் பிரிவு பிறர் விடும் புகை, 11 பாக்கெட், 13 விளம்பரம், 14 விடவைக்கும் சிகிச்சை, 5.3 நிறுவனங்களின் தலையீடு. இந்த எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சகக் கூட்டத்தில் ‘பதினான்கு’ என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

கொள்கை ஆய்வில் ஆட்களை ரேண்டமாகப் பிரிக்க முடியாது. சட்டம் எல்லாருக்கும் ஒரே நாளில் வருகிறது. எனவே, சட்டத்துக்கு முன் பல காலப்புள்ளிகள், பின் பல காலப்புள்ளிகள் எடுத்து, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த சரிவிலிருந்து கோடு விலகுகிறதா என்று பார்க்கிறோம். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டே புள்ளி வைத்து எழுதும் கட்டுரையை நம்பாதீர்கள். பல நாடுகளில் புகைப்பழக்கம் ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தச் சட்டம் போட்டாலும் மறுவருடம் குறைவாகத்தான் இருக்கும்.

இதற்கு நல்ல பாடம் பொது இடத் தடையும் மாரடைப்பும். அமெரிக்காவில் மான்டனா மாநிலத்தின் ஹெலனா என்ற சிறு நகரில் 2002இல் தடை அமலில் இருந்த ஆறு மாதத்தில் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை 40இலிருந்து 24ஆகக் குறைந்தது, அதாவது 40 சதவீதம். உலகமெங்கும் செய்தியானது. 2006இல் தடை வந்த ஸ்காட்லாந்தில் பெரிய அளவில் பார்த்தபோது 17 சதவீதம். 2007 ஜூலையில் தடை வந்த இங்கிலாந்தில், ஏற்கெனவே இருந்த சரிவைக் கழித்துப் பார்த்தபோது 2.4 சதவீதம். மூன்றுமே ‘குறைந்தது’ என்றுதான் சொல்கின்றன. ஆனால் சின்ன ஊரில் 16 பேர் வித்தியாசத்தை வைத்து 40 சதவீதம் என்று மேடையில் முழங்கியவர், பெரிய தரவு வந்த அன்று எதிராளியிடம் மாட்டிக்கொண்டார். 2.4 சதவீதமே ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்புகள். உண்மையான எண்ணே போதுமானது, ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் வருவது இன்னொரு தொல்லை. ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் அடையாளமற்ற ஒரே நிறப் பாக்கெட்டைக் கட்டாயமாக்கியபோது, முன்பக்க எச்சரிக்கைப் படமும் 30 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாகப் பெரிதானது. அதற்கு முன்பும் பின்பும் வரியும் ஏறியது. எது எவ்வளவு செய்தது என்று பிரிப்பதற்குள் ஆய்வாளர்கள் திணறிவிட்டார்கள். உங்கள் நாட்டில் ஒரு சட்டம் வரப்போகிறது என்று தெரிந்த உடனே, வருவதற்கு முன்பே தரவு சேர்க்கத் தொடங்குங்கள். சட்டம் வந்தபின் நிதி கேட்டு, அது கிடைத்து, நெறிமுறை அனுமதி வாங்கி முடிக்கும்போது ‘முன்’ என்பதே கைவிட்டுப் போயிருக்கும்.

வரிக் கணக்கை மட்டும் தாளில் போட்டுக் காட்டும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள், நிதித் துறை அதிகாரிக்குப் புற்றுநோய் எண்ணிக்கையைவிட அதுதான் புரியும். விலை 100, அதில் வரி 50, விற்பது 1,000 பாக்கெட். வருவாய் 50,000. வரியை 20 கூட்டினால் விலை 120. விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு பணக்கார நாடுகளில் சுமார் 4 சதவீதமும் மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. இங்கே 20 சதவீத ஏற்றத்துக்கு 10 சதவீதம் குறைந்து 900 பாக்கெட். வருவாய் 63,000. விற்பனை குறைகிறது, வருவாய் கூடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் மலிவு ரகத்தில் வரியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, உயர் ரகத்தில் வரியைவிடக் கூடுதலாக விலையேற்றும். ஏழை வாடிக்கையாளருக்கு விலை ஏறாமலே போகும். வரி நாளுக்கு முன் சரக்கைக் குவித்துவைப்பார்கள். அந்த மாத விற்பனை உச்சத்துக்கும் மறுமாதச் சரிவுக்கும் புகைப்பவரோடு சம்பந்தமே இருக்காது. விலையில் சதவீதமாகப் போடும் வரியைவிட, எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று போடும் வரி இந்தத் தந்திரங்களுக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. ஆனால் வருமானமும் விலைவாசியும் ஏற ஏற அதையும் ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். ‘வரி கூட்டினால் கடத்தல் பெருகும்’ என்று சொல்வார்கள். அதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். தெருவில் எறிந்த காலிப் பாக்கெட்டுகளைச் சேகரித்து வரி முத்திரை பார்த்து எண்ணும் ஆய்வு முறை இருக்கிறது. செலவு குறைவு, முடிவு உங்கள் சொந்த எண்ணாக இருக்கும். நிறுவனங்கள் தரும் கடத்தல் மதிப்பீட்டோடு அதை வைத்துப் பேசலாம்.

கொள்கைக் குறிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியிலேயே என்ன செய்ய வேண்டும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், எவ்வளவு செலவு என்று வந்துவிட வேண்டும். ஆய்வு முறை கடைசியில் நாலு வரி. வரி பற்றியது என்றால் வரவுசெலவுத் திட்டத்துக்கு நாலைந்து மாதம் முன்னால் போய்ச் சேர வேண்டும். அறிவிப்பு வந்தபின் எழுதும் கட்டுரை பத்திரிகைக்குத்தான் உதவும்.

மின் சிகரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தத் துறையில் நுழைந்த மறுநாளே கேட்பார்கள். புகைப்பவர் சிகரெட்டை விட அது உதவுகிறதா என்பதும், புகைக்காத இளைஞரை அது இழுக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு, நிகோட்டின் பட்டை, சூயிங்கம் வகைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று, பல சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. அதனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

படிப்பு, வேலை பற்றிச் சுருக்கமாக. முதுநிலை முடித்ததும் முனைவர் பட்டத்துக்கு ஓடவேண்டியதில்லை. முதல் ஓராண்டு மீட்பு மையத்தில் பகுதிநேரம், கூடவே ஏற்கெனவே இருக்கும் தரவில் ஒரு பகுப்பாய்வு. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பல நாடுகள் ஒரே கேள்வித்தாளில் நடத்தும் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இருக்கிறது. கடந்த 12 மாதத்தில் விட முயன்றீர்களா, எந்த உதவியோடு, மருத்துவர் கேட்டாரா, விடச் சொன்னாரா என்றெல்லாம் அதில் உண்டு. நான் மேலே போட்ட 300, பத்தில் ஒருவர் போன்ற எண்களின் இடத்தில் உங்கள் நாட்டின் உண்மை எண்களைப் போட்டு ஒரு கட்டுரை எழுதுங்கள். முதல் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை. ‘ஆர்’ போன்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள் ஒன்றில் கை பழக வேண்டும். பிறகு, தோற்றவர்களோடு நீண்ட நேர்காணல் எடுக்கப் பழகுங்கள். தேறியவர்களை எல்லாரும் பேட்டி காண்கிறார்கள். விடும் முயற்சிகளில் பெரும்பாலானவை முதல் எட்டு நாளுக்குள்ளேயே கவிழ்கின்றன. அந்த எட்டு நாளில் என்ன நடந்தது என்று கேட்பவர் குறைவு. 31 வயது தாமதமில்லை. நோயாளியைப் பார்த்த அனுபவம் இல்லாமல் 24 வயதில் வருகிறவர்கள் பிடிக்க வேண்டியதை நீங்கள் ஏற்கெனவே பிடித்திருக்கிறீர்கள்.

கடைசியாக அந்த உதவித்தொகை. வாங்காதீர்கள். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, ஆய்வுக்கு நாங்களே நிதி தருகிறோம் என்றன. நோக்கம் சந்தேகத்தை உயிரோடு வைத்திருப்பது என்பது, பின்னால் நீதிமன்ற வழக்குகளில் வெளிவந்த அவர்களுடைய சொந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் அவற்றை யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. 2017இல் பிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல் பணத்தில் ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, அரசுகளும் பொதுச் சுகாதாரத் துறையினரும் அதோடு கூட்டுச் சேரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. அந்த நிதியில் வந்த கட்டுரைகளை வாங்க மறுக்கும் ஆய்விதழ்கள் உண்டு. அரசுக் குழுக்களில் இடம் கிடைப்பதும் கடினமாகும். உங்கள் ஆய்வு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் கொள்கை மேசையில் அது செல்லாது.

வேறு எந்த நிதி வந்தாலும், கையெழுத்துக்கு முன், பணத்தின் மூலம் யார் என்று எழுத்தில் கேளுங்கள். தரவு யாருக்குச் சொந்தம், முடிவை வெளியிட யாருடைய அனுமதியாவது வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வெளியிடுமுன் 30 நாள் படித்துக் கருத்துச் சொல்லலாம் என்பது பரவாயில்லை. ‘ஒப்புதல் பெற்று’ என்ற சொல் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் விலகிவிடுங்கள். இந்த அறக்கட்டளைக்கு மறுப்பை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். அவர்கள் செலவில் பயணம், தங்கல், பயிற்சி எதையும் ஏற்கெனவே பெற்றிருந்தால் அதையும் தேதியோடு குறித்துவிடுங்கள். மருத்துவ ஆய்விதழ்களின் நலமுரண் படிவம் கடந்த 36 மாதங்களைக் கேட்கும்.